ஒரு நாளும் உழாத உழவு இயந்திரம்

மெஸ்ஸி பெர்குசன் 135 டிராக்டரில் வலது கால் பக்கம் இரண்டு பிரேக் பெடல்கள் இருக்கும். ஒன்று இடது பின்சக்கரத்துக்கு, மற்றது வலது பின்சக்கரத்துக்கு. வயலில் சட்டென்று திரும்ப வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் மிதிக்கலாம். அந்தப் பக்கம் நிற்கும், மற்றப் பக்கம் சுற்றி வரும். ரோட்டில் வேகமாகப் போகும்போது அப்படி ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் இரண்டு பெடலையும் சேர்த்துப் பூட்ட ஒரு சின்ன இரும்புத் துண்டு வைத்திருப்பார்கள். எங்க தாத்தா அதை "நாக்கு" என்பார்.

எங்களுக்குக் கிடைத்த டிராக்டரில் நாக்கு இல்லை. இல்லை என்பதே எங்களுக்கு ஒரு மாசம் கழித்துத்தான் தெரியும்.

2022. நாங்கள் ஏ.எல். முதலாம் வருடம். ஹேவாஹெட்ட பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலை. நாட்டில் 2013ஆம் ஆண்டே ஏ.எல்.லுக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்துவிட்டது, எங்க பாடசாலைக்கு வரவில்லை. விஞ்ஞானப் பிரிவும் இல்லை. கலைப்பிரிவு மட்டும்தான். "நீ ஏன் ஆர்ட்ஸ் எடுத்தாய்?" என்று கெம்பஸில் யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். எடுக்கிறதுக்கு வேறு என்ன இருந்தது?

ஏ.எல். பிள்ளைகள் குழுச் செயற்றிட்டம் ஒன்று செய்ய வேண்டும். வழக்கமாக ஊர் வரலாறு தொகுப்பது, கோயில் திருவிழா பற்றிக் கட்டுரை, இப்படித்தான் போகும். எங்க வகுப்புப் பையன் ஒருவன்தான் ஸ்டோருக்குப் பின்னால் கிடக்கிற டிராக்டரைப் பற்றிச் சொன்னான். (வெளியூர்க்காரர்களுக்கு: தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம்.) பதினோரு வருடமாக அது அங்கே கிடந்தது. தகரக் கூரையின் கீழ், மேலே ஒரு கிழிந்த தறப்பாள், அதற்கும் மேலே கோழிகள். செயற்றிட்டத்துக்குப் பொறுப்பான சேர் தோட்டத்துக்குக் கடிதம் எழுதினார். "ஓடாத வண்டிதானே, எடுத்துக்கொண்டு போங்க, கண்காட்சி முடிஞ்சதும் திருப்பித் தாங்க" என்று பதில் வந்தது. நாங்கள் பன்னிரண்டு பேர் கயிறு கட்டித் தள்ளிக்கொண்டு வந்தோம். இறக்கம் என்பதால் தள்ளினோம் என்பதை விட பிடித்தோம் என்பதுதான் சரி.

எங்க ஊர் பற்றி ஒரு வார்த்தை. கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறிவரும். நிர்வாகத்துக்கு நாங்கள் நுவரெலியா மாவட்டம், ஆஸ்பத்திரி, உடுப்பு, டியூசன் எல்லாத்துக்கும் கண்டி. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர தோட்டம் எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. முதலில் அவர் பங்களா வராந்தாவில் கையால் கொழுந்தை உருட்டினார், பிறகு உருட்டுவதற்குத் தானே ஒரு மெஷின் செய்தார் என்று சின்ன வகுப்பிலேயே படித்தோம். அந்தக் கொழுந்தை யார் சுமந்துகொண்டு வந்து வராந்தாவில் கொட்டினார்கள் என்று பாடத்தில் இல்லை, நாங்களும் கேட்கவில்லை.

டிராக்டரைத் திருத்த யாருக்குமே தெரியாது. சேர் குடியியல் படிப்பிக்கிறவர். அப்போதுதான் நான் வாயைத் திறந்து, "எங்க தாத்தா இந்த வண்டியோட டிரைவர், சேர்" என்றேன்.

தாத்தா முதல் நாள் வந்து வண்டியைச் சுற்றி ஒரு ரவுண்ட் நடந்தார். தொட்டுப் பார்க்கவில்லை. "ரோதை நாலும் இருக்கு" என்றார். மலையகத்தில் சக்கரத்துக்கு ரோதை என்போம். போர்த்துக்கீசரின் 'ரோடா' சிங்களத்தில் 'ரோதய' ஆகி, அங்கிருந்து எங்க வாய்க்கு வந்த சொல். ஸ்டோரில் மெஷினைக் காக்கிற சாமிக்குப் பேரே ரோதமுனி. பிறகு கீழே குனிந்து பெடலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நாள்தான் சாவிப் பெட்டியோடு வந்தார்.

எஞ்ஜின் இறுகிப் போயிருந்தது. அதற்குள் இருக்கிறது பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்ஜின், 45 குதிரைவலு. நொசல் மூன்றையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் எஞ்ஜின் ஒயிலும் கலந்து ஊற்றி அப்படியே விட்டோம். தினமும் பின்னேரம் டொப் கியரைப் போட்டு, பின் ரோதையை நாலு பேர் முன்னும் பின்னும் ஆட்டுவோம். ஒன்பதாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. பையன்கள் போட்ட சத்தத்தில் அதிபர் ஓடி வந்தார். டேங்குக்குள் துருவும் செத்த குளவியும். அதற்குள் கொஞ்சம் சல்லியும் டீசலும் போட்டு, ஆளுக்கொரு முறை தூக்கிக் குலுக்கிக் கழுவினோம். எயார் கிளீனருக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அதை விவரிக்கவில்லை.

டீசல், டீசல் என்று சும்மா எழுதிக்கொண்டு போகிறேன். அந்த வருடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் 460 ரூபா, அதுவும் கிடைத்தால். கேனைக் கொண்டுபோனால் ஷெட்டில் அடிக்க மாட்டார்கள். ஜூலையில் கியூ.ஆர். வந்தது, எங்க வண்டிக்கு உயிரும் இல்லை, பத்திரமும் இல்லை, கியூ.ஆர்.க்கு எங்கே போக? மரக்கறி லொறி வைத்திருக்கிற ஒரு பிள்ளையின் அப்பா தன் டேங்கிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி, சோடாப் போத்தலில் எண்ணி எண்ணிக் கொடுத்தார். பஸ் ஓடாததால் தூரத்து ஆசிரியர்கள் வர முடியவில்லை, பாதி நாள் பாடமே இல்லை. உண்மையைச் சொன்னால் அதனால்தான் வேலை முடிந்தது. நாடு முழுக்க வண்டிகள் நின்ற மாசங்களில் நாங்கள் ஒன்றை ஓட வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பொம்பளைப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு முதலில் கொடுத்த வேலை துரு தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது, அறிக்கை எழுதுவது. "உங்க கையெழுத்து வடிவுதானே" என்றார்கள். சிவப்பும் சாம்பலும் நான்தான் அடித்தேன், நன்றாகத்தான் வந்தது, ஆனால் எனக்கு உள்ளே பார்க்க வேண்டும். ஒரு நாள் பையன்கள் கிரிக்கெட்டுக்குப் போயிருந்த நேரம் தாத்தா, "புள்ள, இங்க வா. எயார் எடுக்கணும்" என்றார்.

டீசல் எஞ்ஜினுக்கு எண்ணெய்க் குழாயில் ஒரு கொப்புளம் காற்று இருந்தாலும் போதும், ஸ்டார்ட் ஆகாது. பில்டர் தலையிலுள்ள ஸ்குருவைக் கொஞ்சம் இளக்கிவிட்டு, பக்கத்துச் சின்ன பம்ப்பின் கைப்பிடியை விரலால் அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். நுரை நின்று சுத்தமான எண்ணெய் வந்ததும் அடிக்கிறதை நிறுத்தாமலே ஸ்குருவை இறுக்க வேண்டும். பிறகு பெரிய பம்ப். பிறகு நொசல் குழாயின் நட்டு மூன்று. அவசரப்பட்டால் திரும்ப முதலிலிருந்து. பையன்கள் மூன்று தடவை பார்த்துச் சரிவராமல் விட்டுவிட்டார்கள் என்று தாத்தா சிரித்தார். எனக்கு முழு மத்தியானம் போனது. கை முழுக்க டீசல், இரண்டு நாள் சோற்றிலும் அந்த வாசம். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் தூரிகையைக் கொடுக்கவில்லை.

"இப்ப ஸ்டார்ட் பண்ணலாமா தாத்தா?"

"நாக்கு எங்க?"

பையன் ஒருவன், "அது சின்ன சாமான்தானே தாத்தா, கம்பி வச்சுக் கட்டிடலாம்" என்றான். தாத்தா சாவியைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். "கட்டுனா கட்டுனவன் ஓட்டுங்கடா" என்று எழுந்துவிட்டார். அதுவரைக்கும் யாரையும் அதட்டாத மனுசன். அந்தச் சனிக்கிழமை டவுனில் கிரில் வேலை செய்யும் கடைக்குப் போய், உடைந்த லொறி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு வெட்டி, நாக்கு ஒன்று அடித்தோம். கடைக்காரர் காசு வாங்கவில்லை.

ஏன் இப்படி ஒற்றைக் காலில் நின்றார் என்று எனக்கு வீட்டில் சின்னப் பாட்டி சொல்லித்தான் தெரியும். சின்னப் பாட்டி தாத்தாவின் தங்கச்சி. இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். பிறவியிலேயே அப்படி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பிறப்பதற்கு வெகு முன்னால், மழைக்காலத்தில் ஒரு நாள், கடைசி நிறுவை முடிந்து கொழுந்து மூட்டையை டிரெய்லரில் ஏற்றி, மூட்டை மேலே பொம்பளைகளும் ஏறி இறங்கி வந்திருக்கிறார்கள். ஒரு வளைவில் பிரேக்கை மிதிக்க, வண்டி மண்மேட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், பின்னால் டிரெய்லர் தள்ள, குடைசாய்ந்துவிட்டது. மூன்று பேருக்குக் காயம். சின்னப் பாட்டிக்குத் தொடை எலும்பு.

மறுநாள் நான் தாத்தாவிடம் கேட்டேன். டிராக்டருக்குப் பக்கத்தில் வைத்தே கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

பின் அக்சலில் ஒயில் சீல் போயிருந்தது என்றார். ஒயில் ஒரு பக்கத்துப் பிரேக் சூவில் பட்டு, அந்தப் பக்கம் பிடிக்காமலே போயிருந்தது. மூன்று தடவை சொல்லியும் மாற்றிக் கொடுக்கவில்லை. இதுவரைக்கும் நான் எதிர்பார்த்த கதைதான். பிறகு சொன்னார்: "மேல் மலையில திருப்பம் சின்னது. ஒத்தப் பெடல மிதிச்சாத்தான் திரும்பும். அதுக்காக நாக்கக் கழட்டிருந்தேன். கீழ வரும்போது திரும்பப் போடல. சீல் அவங்க மாத்தல. நாக்கு நான் போடல."

விசாரணையில் அவரிடம் சீலைப் பற்றியும் கேட்கவில்லை, நாக்கைப் பற்றியும் கேட்கவில்லையாம். 'மழை, வழுக்கல்' என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

ஸ்டார்ட் பண்ணிய நாள் தாத்தா ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கட்டி சூடம் கொளுத்தினார். லொறிக்காரரின் பெட்டரி. முதல் இரண்டு தடவை முனகல். மூன்றாவது தடவை ஒரு இருமல், வெள்ளைப் புகை, பிறகு பட பட பட. பாடசாலை முழுக்க வெளியே வந்தது. தாத்தா ஏறி உட்கார்ந்து, நாக்கைப் போட்டுக் காலால் தட்டிப் பார்த்து, மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டினார். எங்களில் ஆறு பேருக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தார். அவர் பாடம் ஒன்றே ஒன்றுதான்: ஏறுகிற கியரில்தான் இறங்கணும், இறக்கத்தில் கிளச்சை மிதிக்கவே கூடாது. டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது பிடிக்கிறது எஞ்ஜின் மட்டும்தான்.

கண்காட்சிக்கு விளக்கப் பலகை எழுதுகிற பொறுப்பு எனக்கு. (கையெழுத்து வடிவுதானே.) நான் எழுதியது இப்படி: இந்த வண்டி கொழுந்து, உரம், விறகு, அரிசி, கோதுமை மா இழுத்தது. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கும், செத்தவர்களை வீட்டுக்கும் கொண்டு வந்தது. இந்த வளைவில் இந்த நாள் குடைசாய்ந்தது, மூன்று பெண்களுக்குக் காயம், காரணங்கள் இரண்டு. சீலையும் நாக்கையும் இரண்டையும் எழுதியிருந்தேன். தாத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "எழுத்துப் பிழ இல்லாம எழுது" என்றார்.

சேர் வாசித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். கெட்டவர் இல்லை. வண்டியைக் கொடுத்தவர்கள்தான் பிரதம விருந்தினர், அவர்கள் முன்னால் இதை வைக்க முடியாது, அடுத்த வருடம் எதைக் கேட்டாலும் தர மாட்டார்கள் என்றார். அதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்குக் கோபம். கடைசியில் பலகையில் நின்றது: 'உழவு இயந்திரம். மெஸ்ஸி பெர்குசன் 135. மூன்று சிலிண்டர், 45 குதிரைவலு. தோட்ட விவசாயத்துக்குப் பயன்பட்டது.'

சின்னப் பாட்டி புதுச் சேலை கட்டிக்கொண்டு கண்காட்சிக்கு வந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. பலகையைக் காட்டி, "என்ன எழுதியிருக்க?" என்றார். வாசித்தேன்.

"அவ்வளவுதானா?"

நான் பேசவில்லை. அவர் வண்டியைச் சுற்றி வந்து, பெடல் பக்கம் குனிந்து, பெயின்ட் அடிக்காத அந்தப் புதுத் துண்டைப் பார்த்து, "இது என்னண்ணே?" என்று தாத்தாவைக் கேட்டார். தாத்தா காட்டினார். கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி, மாட்டி. இரண்டு பேரும் வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு சின்னப் பாட்டி வடை விற்கிற பக்கம் போய்விட்டார்.

பேராதனைக்கு வந்த பிறகு, நூலகத்தில் பாடத்துக்கான புத்தகம் தேடும் சாக்கில் டிராக்டர் பற்றி வாசிக்கிற பழக்கம் வந்துவிட்டது. மெஸ்ஸி பெர்குசனில் இருக்கிற பெர்குசன், ஹாரி பெர்குசன் என்ற வட அயர்லாந்துக்காரர். 1909இல் தானே செய்த விமானத்தை ஓட்டி, அயர்லாந்தில் முதலில் பறந்தவர். அவருடைய பெரிய கண்டுபிடிப்பு டிராக்டரின் பின்னால் இருக்கிற மூன்று புள்ளி இணைப்பு. அதற்கு முன்பு கலப்பையைச் சும்மா பின்னால் கட்டி இழுப்பார்கள். கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டர் முன்பக்கம் தூக்கி, ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். கலப்பையையும் டிராக்டரையும் ஒரே உடம்பு மாதிரி ஆக்கி அந்த ஆபத்தைக் குறைத்தார். இதை வாசிக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எங்க வண்டியில் அந்த இரண்டு தூக்குகைகளும் ஒரு இஞ்சி கூட அசையாமல் துருப்பிடித்திருந்தன, ஆனால் தேய்மானமே இல்லை. பாவிக்கவே இல்லை. சரிவில் எதை உழ? டிரைவரைச் சாகாமல் காப்பாற்ற ஒருவர் மூளையைக் கசக்கிச் செய்த சாமானை எங்க மலையில் ஒருவரும் தொடவில்லை. பிரேக் இல்லாத டிரெய்லரை மாட்டினார்கள். பத்திரிகையில் விபத்துச் செய்தி வரும்போது மட்டும் அது 'உழவு இயந்திரம்'.

நம்ம நாட்டு ரே விஜேவர்தன பற்றியும் வாசித்தேன். மலையகம், வடக்கு, கிழக்கு எங்கேயும் இரண்டு சக்கர டிராக்டருக்கு நாம் 'லேண்ட்மாஸ்டர்' என்கிறோமே, அது 1950களில் அவர் உருவாக்கிய வண்டியின் பெயர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர், மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராகவும் இருந்தவர். பின்னாளில் அந்த மனுசனே தன் கண்டுபிடிப்பைக் கேள்வி கேட்டார். எருமை செய்த வேலையை எண்ணெய் குடிக்கிற ஒன்று செய்கிறது, அதனால் விளைச்சல் கூடிவிட்டதா என்று கேட்டார். சரிவு நிலத்தைக் கிளறாதீர்கள், கிளிசீரியா வரிசை போட்டு மண்ணைப் பிடித்து வையுங்கள் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் கிளிசீரியா இல்லை. தான் செய்ததில் எது சரி, எது பிழை என்று தானே வெளியில் சொன்னார். தாத்தாவையும் அவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுக்க ஆசையாக இருந்தது. விஜேவர்தன 2010இலேயே போய்விட்டார்.

எங்க டிராக்டருக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. கண்காட்சி முடிந்த அடுத்த வாரமே தோட்டத்தில் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஏதாவது மூலையில் நிறுத்தி வைப்பார்கள் என்று நினைத்தோம். ஓடுகிற வண்டியை யார் நிறுத்தி வைப்பார்கள்? பழைய டிரெய்லரைத் தட்டி நிமிர்த்தி, மாட்டிவிட்டார்கள். நாங்கள் செயற்றிட்டம் என்று நினைத்துச் செய்தது தோட்டத்துக்குச் செலவில்லாத ரிப்பேர். ஒரு பின்னேரம் அம்மா அதில்தான் வந்து இறங்கினார், கொழுந்து மூட்டை மேலிருந்து. "ஒங்க வண்டி நல்லாத்தான் ஓடுது" என்றார். நான் அடித்த சிவப்புப் பெயின்ட் மேல் சேறு.

போன தீபாவளி லீவுக்குப் போனபோது மடுவத்துப் பக்கம் நடந்தேன். வண்டி நின்றுகொண்டிருந்தது, பொம்பளைகள் நிறுவைக்கு வரிசையில். டிரைவர் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த தம்பி. நான் குனிந்து பெடலைப் பார்த்தேன்.

"என்னக்கா பாக்குறீங்க?"

"ஒன்னுமில்ல."

நாக்கு போட்டிருந்தது. கம்பி, கயிறு ஒன்றும் இல்லை, அதே ஸ்பிரிங் துண்டுதான். போட்டுப் போட்டுக் கழற்றி விளிம்பெல்லாம் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சின்னப் பாட்டியிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"டிரெய்லருக்குப் பிரேக்கு போட்டுட்டானுங்களா?"

"இல்ல பாட்டி."

"ம்" என்றுவிட்டு அரிசியைப் புடைத்தார்.